தலைசுற்றல் வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

"தலை சுத்துது" என்று வீட்டில் ஒருவர் சொன்னதும் ஆளுக்கொரு காரணம் சொல்லத் தொடங்குவார்கள். பித்தம் ஏறியிருக்கும், எலுமிச்சம்பழம் பிழிந்து கொடு என்பார் பாட்டி. பிபி எகிறியிருக்கும் என்பார் மாமா. கழுத்து எலும்பு தேய்ந்திருக்கும், எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இவர்களில் யாரும் கேட்காத கேள்விகள் இரண்டு உண்டு: எவ்வளவு நேரம் இருந்தது? என்ன செய்யும்போது வந்தது? தலைசுற்றல் எந்த வகை என்று பிரித்தறிய இந்த இரண்டு பதில்கள்தான் முதலில் வேண்டும். ஸ்கேன் எல்லாம் அப்புறம்.

முன்பு மருத்துவ மாணவர்களுக்கு வேறு மாதிரி சொல்லிக்கொடுத்தார்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, அறையே சுழல்கிறதா, மயங்கி விழுவது போலிருக்கிறதா, நடை தள்ளாடுகிறதா, வெறுமனே கிறுகிறுப்பா என்று நான்காகப் பிரிப்பது 1972-இல் வந்த முறை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களிடம் சில நிமிட இடைவெளியில் இரண்டு முறை கேட்டுப் பார்த்தபோது பலர் பதிலை மாற்றினார்கள். முதலில் "சுத்துது" என்றவர் அடுத்த முறை "மயக்கமா வருது" என்றார். எவ்வளவு நேரம், எதனால் என்ற கேள்விகளுக்கு வந்த பதில்கள் அந்த அளவுக்கு மாறவில்லை. அதனால் உங்கள் தலைசுற்றலை என்ன வார்த்தையில் சொல்வது என்று குழம்ப வேண்டாம். வாயில் வந்தபடி சொல்லுங்கள். நேரத்தையும் சூழலையும் மட்டும் சரியாகச் சொல்லுங்கள்.

முதல் வேலை: ஆபத்தா என்று பார்ப்பது

பெரும்பாலான தலைசுற்றல் உயிருக்கு ஆபத்தில்லாதது. ஆனால் மூளையின் பின்பகுதியில், அதாவது சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ, ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதமும் சில நேரம் தலைசுற்றலாகத்தான் தொடங்கும். கை கால் விழாமலே வரலாம் என்பதால்தான் ஏமாந்துபோகிறோம்.

தலைசுற்றலோடு சேர்த்து எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதா, பேச்சு குழறுகிறதா, தண்ணீர் விழுங்க முடியவில்லையா, முகம் கோணியிருக்கிறதா, ஒரு பக்கம் மரத்துப்போயிருக்கிறதா, இதுவரை அனுபவிக்காத தலைவலியோ கழுத்துவலியோ திடீரென்று வந்திருக்கிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்கவே முடியவில்லையா? கடைசிக் கேள்வி முக்கியம். காதுக் கோளாறால் சுற்றுபவர் தள்ளாடினாலும் பெரும்பாலும் சமாளித்து நின்றுவிடுவார். சிறுமூளை பாதிக்கப்பட்டவர் உட்கார்ந்திருக்கும்போதே சாய்ந்துவிடலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நினைவு தப்புவது ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். இலங்கையில் இருந்தால் 1990. எலுமிச்சைச் சாறு, காபி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்க வேண்டாம், புரையேறிவிடும். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அந்தக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். இன்னொன்று: இந்த வகைப் பக்கவாதம் ஆரம்பத்தில் சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. முதல் ஓரிரு நாளில் எம்.ஆர்.ஐ.கூடச் சில சமயம் தவறவிடும். "சி.டி. நார்மல், வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னாலும் ஆள் நடக்க முடியாமல் இருந்தால் "இவரால் நடக்க முடியவில்லையே" என்று திரும்பக் கேளுங்கள்.

சரி, இது எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து: எவ்வளவு நேரம்?

"ரெண்டு மணி நேரமா சுத்துது" என்று சொல்பவரைப் பொறுமையாக விசாரித்தால், உண்மையில் சுற்றியது அரை நிமிடம், மீதி நேரம் குமட்டலும் வியர்வையும் பயமும் என்று தெரியவரும். இந்த இரண்டையும் பிரிக்க வேண்டும். கண்ணைத் திறந்தால் பொருள்கள் நகர்வது எப்போது நின்றது என்று பாருங்கள். அதுதான் கணக்கு.

ஒரு சின்ன நோட்டில், அல்லது போனிலேயே, தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எவ்வளவு நேரம் நீடித்தது, காதில் இரைச்சலோ அடைப்போ இருந்ததா, தலைவலி இருந்ததா, அன்று என்ன மாத்திரை போட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். கூட யாராவது இருந்தால், சுற்றிக்கொண்டிருக்கும்போதே உங்கள் இரண்டு கண்களும் தெரியும்படி போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். உள்காது சம்பந்தப்பட்ட சுற்றலில் கருவிழி ஒரு பக்கம் மெதுவாக நகர்ந்து, மறுபக்கம் வெடுக்கென்று திரும்பும். அது எந்தத் திசையில் துடிக்கிறது என்பதைப் பார்த்தே எந்தக் காது, எந்தக் குழாய் என்று விவரம் தெரிந்த மருத்துவர் சொல்லிவிடுவார். அவரிடம் போகும்போது சுற்றல் நின்றிருக்கும், கண்ணும் அமைதியாக இருக்கும். அதனால் அந்தப் பத்து வினாடி வீடியோவுக்கு மதிப்பு அதிகம்.

படுக்கையில் புரண்டால் சுற்றுகிறது, ஒரு நிமிடத்துக்குள் நிற்கிறது

இது தனியாக விரித்துச் சொல்ல வேண்டியது. உள்காதுத் தலைசுற்றலில் மிகச் சாதாரணமாக வருவது இதுதான், மாத்திரையே இல்லாமல் சரியாகக் கூடியதும் இதுதான். மருத்துவர்கள் சுருக்கமாக பிபிபிவி என்பார்கள். ரத்தஅழுத்த பிபிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

காலையில் எழ முயலும்போது, ராத்திரி மறுபக்கம் திரும்பிப் படுக்கும்போது, பரணில் இருந்து அண்டாவை எடுக்க அண்ணாந்து பார்க்கும்போது, கோபுரத்தைக் கும்பிட தலையைத் தூக்கும்போது, பல் மருத்துவர் நாற்காலியைச் சாய்க்கும்போது ஒரு சில வினாடி தாமதித்து அறை முழுக்கச் சுழலும். கட்டில் கவிழ்வது போலிருக்கும். அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். அப்புறம் நின்றுவிடும். திரும்ப அதே பக்கம் படுத்தால் திரும்ப வரும்.

நடப்பது இதுதான். உள்காதில் புவியீர்ப்பையும் நேர்க்கோட்டு அசைவையும் உணரும் சிறு பை ஒன்று உண்டு. அதன்மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழாய்கள் மூன்று, உள்ளே திரவத்தோடு. வயதாவதாலோ, தலையில் அடிபட்டதாலோ, பல நேரம் காரணமே தெரியாமலோ துகள்கள் உதிர்ந்து குழாய்க்குள் போய்விடுகின்றன, பெரும்பாலும் பின்பக்கக் குழாய்க்குள். சொம்புத் தண்ணீரைச் சாய்த்தால் அடியில் கிடக்கும் மணல் சரிவது போல, தலையைச் சாய்த்ததும் அவை சரிந்து திரவத்தை இழுக்கின்றன. தலை நின்ற பிறகும் "சுழல்கிறது" என்ற செய்தி மூளைக்குப் போய்க்கொண்டிருக்கும். துகள்கள் அடங்கியதும் சுற்றலும் அடங்கும்.

ஆக, நோய் ஒரு துகள் தப்பான இடத்தில் கிடப்பது. மாத்திரை அதை இடம் மாற்றாது. தலையைத் திருப்பித் திருப்பித் துகளை வந்த வழியே வெளியேற்றுவதுதான் சிகிச்சை. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் காது மருத்துவராக இருந்த ஜான் எப்லி கண்டுபிடித்த முறை இது. தலையை ஆட்டினால் தலைசுற்றல் போகும் என்று அவர் சொன்னதைச் சக மருத்துவர்கள் பல வருடம் நம்பவில்லை. 1992-இல் அவருடைய முக்கியமான கட்டுரை வெளிவந்த பிறகு மெல்ல மெல்ல உலகம் முழுக்கப் பரவியது.

எந்தக் காது என்று முதலில் தெரிய வேண்டும். 1952-இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் விவரித்த சோதனையை மருத்துவர் செய்வார்: தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, கண் துடிக்கிறதா என்று பார்ப்பது. வலப்பக்கம் திருப்பிச் சாய்க்கும்போது துடித்துச் சுற்றினால் வலது காது. முதல் முறை மருத்துவரோ பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டோ செய்வதே நல்லது. திரும்ப வந்தால் வீட்டிலேயே செய்துகொள்ள அவர்களிடமே கற்றுக்கொள்ளுங்கள். வலது காதுக்கான எப்லி முறை இப்படி:

1. கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். படுத்தால் தோள்பட்டைக்கு அடியில் வரும்படி ஒரு தலையணையைப் பின்னால் போடுங்கள், தலைக்கு அடியில் வேண்டாம். தலையை வலப்பக்கம் பாதியளவு, அதாவது 45 டிகிரி, திருப்புங்கள்.
2. திருப்பியபடியே சட்டென்று மல்லாந்து படுங்கள். தோள் தலையணை மேல், தலை அதைவிடச் சற்றுத் தாழ்ந்து, கட்டிலைத் தொட்டபடி. இப்போது சுற்றும். பயப்படாமல் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். சுற்றல் நின்ற பிறகும் அரை நிமிடம் அப்படியே இருங்கள்.
3. தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 டிகிரி திருப்புங்கள். மூக்கு இப்போது இடப்பக்கம் பாதியளவு பார்க்கும். மறுபடி அரை நிமிடம்.
4. உடம்போடு சேர்ந்து இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். தலையும் இன்னொரு 90 டிகிரி திரும்பி மூக்கு தரையைப் பார்க்க வேண்டும். அரை நிமிடம்.
5. முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தியபடி, இடப்பக்கமாகவே காலைக் கீழே இறக்கி மெதுவாக எழுந்து உட்காருங்கள். சில நிமிடம் நடமாட வேண்டாம், யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

இடது காது என்றால் வலம் இடம் அப்படியே மாறும். பலரும் தவறுவது மூன்றாவது படியில்: திருப்பும்போது தம்மையறியாமல் தலையைத் தூக்கிவிடுவார்கள், துகள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். கழுத்தில் கடுமையான பிரச்சினை, சமீபத்திய கண் விழித்திரை அறுவை சிகிச்சை, கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள் இதைத் தாமாகச் செய்யக் கூடாது.

ஒன்றிரண்டு முறை செய்ததிலேயே பெரும்பாலானவர்களுக்கு நின்றுவிடுகிறது. செய்த பிறகு ஓரிரு நாள் லேசான மிதப்பு இருக்கலாம். இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்க வேண்டும் என்று முன்பு சொல்வார்கள், அதற்கு அவசியமில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. இரண்டு பக்கம் புரண்டாலும் பலமாகச் சுற்றுகிறது என்றால் துகள் பக்கவாட்டுக் குழாயில் இருக்கலாம். அதற்கு எப்லி சரிவராது, உருளும் முறை ஒன்று தனியாக இருக்கிறது. மாதங்கள், வருடங்கள் கழித்துத் திரும்ப வருவதும் சகஜம். அடிக்கடி வந்தால் வைட்டமின் டி அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைவாக உள்ளவர்களுக்கு அதைச் சரிசெய்தால் திரும்ப வருவது குறைகிறது.

எழுந்து நின்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது

மேலே சொன்னதோடு இதைக் குழப்பிக்கொள்வது எளிது, ஏனென்றால் இரண்டுமே கட்டிலில் இருந்து எழும்போது வரும். பிரிக்க ஒரு வழி உண்டு: படுக்கும்போதும் புரளும்போதும் வந்தால் காது. எழுந்து நிற்கும்போது மட்டும் வந்தால் ரத்தஅழுத்தம்.

வீட்டில் பிபி கருவி இருந்தால் நீங்களே பார்க்கலாம். 5 நிமிடம் படுத்திருந்துவிட்டு அளந்து எழுதுங்கள். எழுந்து நின்று 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று அளவெடுங்கள். மேல் எண் 20-ஓ அதற்கு மேலோ, அல்லது கீழ் எண் 10-ஓ அதற்கு மேலோ இறங்கினால் காரணம் கிடைத்தது. உட்கார்ந்தபடி மட்டும் அளந்து "பிபி நார்மல்தான்" என்று அனுப்பிவிட்டால் இது பிடிபடாது.

வயதானவர்களுக்கு இதற்குக் காரணம் பெரும்பாலும் மாத்திரை டப்பாவுக்குள்தான் இருக்கும்: ரத்தஅழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், சில மனநல மருந்துகள். சித்திரை வெயிலில் வியர்த்து, போதுமான தண்ணீர் குடிக்காமல் இதே மாத்திரைகளையும் போட்டால் கேட்கவே வேண்டாம். நீண்ட நாள் சர்க்கரை நோயில் நரம்பு பாதித்தாலும், பார்கின்சன் நோயிலும் இப்படி வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவுகளை எழுதி எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். ராத்திரி சிறுநீர் கழிக்க எழுபவர் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு எழட்டும். பாத்ரூம் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். இடுப்பெலும்பு முறிவுகள் பல இந்தப் பத்தடி தூரத்தில்தான் நடக்கின்றன.

இளவயதுக்காரர்கள் கோயில் வரிசையில், பள்ளி மைதானத்தில், ரத்தம் எடுக்கும்போது மயங்கி விழுவது இதற்குத் தம்பி முறை. வாய் வறண்டு, வியர்த்து, காது அடைத்து, பார்வை ஓரங்களில் இருந்து மங்கிக்கொண்டு வரும். அந்த நொடியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். முடியாவிட்டால் காலைக் குறுக்காகப் போட்டு இறுக்குங்கள், கைகளைக் கோத்து இழுங்கள், அது கொஞ்சம் நேரம் வாங்கித் தரும். விழுந்துவிட்டால் தூக்கி உட்காரவைக்காமல் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். ஓடும்போது, மாடி ஏறும்போது, அல்லது படுத்திருக்கும்போது மயங்கினாலும், வீட்டில் இளவயதில் திடீர் மரணம் நடந்திருந்தாலும் இதயத்தைப் பார்க்க வேண்டும். ஈ.சி.ஜி. உடனே.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு வியர்வை, நடுக்கம், கிறுகிறுப்பு வந்தால் சர்க்கரையைக் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு ஏகாதசி விரதமும் இருக்கும் பெரியவர்கள் மேல் ஒரு கண் இருக்கட்டும். மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகமுள்ள பெண்களுக்கு மாடி ஏறினால் மூச்சுவாங்கித் தலை கிறுகிறுத்தால் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள்.

மணிக்கணக்கில் சுற்றி, போய், திரும்ப வருகிறது

இந்த வகையில் காதைக் கவனியுங்கள். ஒரு காதில் அடைப்பு, இரைச்சல், கேட்பது மந்தமாவது, இவற்றோடு 20 நிமிடத்தில் இருந்து சில மணி நேரம் வரை சுற்றினால் அது மெனியர் நோயாக இருக்கலாம். 1861-இல் பாரிஸில் புராஸ்பர் மெனியர் என்ற மருத்துவர், இந்தச் சுற்றல் மூளையில் ரத்தம் தேங்குவதால் அல்ல, உள்காதில் இருந்து வருகிறது என்று எடுத்துச் சொன்னார். அதுவரை இப்படிப்பட்டவர்களுக்கு மூளைநோய் என்று சொல்லி ரத்தம் வடித்துக்கொண்டிருந்தார்கள். காது கேட்கும் திறன் சோதனை எடுத்தால் தாழ்ந்த ஒலிகளில் குறைவு தெரியும். உப்பைக் குறைக்கச் சொல்வார்கள்: நம் வீடுகளில் அது சாம்பாரில் போடும் உப்பை மட்டும் குறிப்பதல்ல, ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு எல்லாம் கணக்கில் வரும்.

காதில் ஒன்றும் இல்லை, ஆனால் ஒற்றைத்தலைவலி இருந்திருக்கிறது, வெளிச்சமும் சத்தமும் தாங்கவில்லை, சின்ன வயதில் பஸ் ஏறினாலே வாந்தி என்றால் ஒற்றைத்தலைவலியே தலைசுற்றலாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். இது 5 நிமிடத்தில் இருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கலாம், சுற்றும்போது தலைவலி இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் கண்டுபிடிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இதற்கான வரையறையே 2012-இல்தான் உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்டது. நடுவயதுப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. தூக்கம் கெடுவது, சாப்பாட்டு நேரம் தப்புவது, மாதவிடாய், வெயில் என்று கிளப்பிவிடும் காரணம் நோட்டில் எழுதினால் தானே தெரியவரும். பயன்படும் மருந்துகளும் தலைவலிக்குக் கொடுப்பவைதான்.

நாள்கணக்கில் விடாமல் சுற்றுகிறது

சளி, காய்ச்சல் வந்துபோன பிறகு ஒரு நாள் திடீரென்று சுற்றத் தொடங்கி, வாந்தியோடு, இரண்டு மூன்று நாள் படுத்த படுக்கையாக்கிவிடுவது சமநிலை நரம்பின் அழற்சி. தலையை அசைத்தால் கூடும், ஆனால் அசையாமல் படுத்தாலும் முற்றிலும் நிற்காது. முதல் வகையோடு ஒப்பிட்டால் இதுதான் பெரிய வித்தியாசம். கேட்கும் திறனும் சேர்ந்து போனால் உள்காது முழுவதுமே பாதிக்கப்பட்டிருக்கலாம். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், சுற்றினாலும் சுற்றாவிட்டாலும், அன்றோ மறுநாளோ காது மருத்துவரைப் பார்க்க வேண்டும். தாமதித்தால் போன கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம்.

தொடர்ந்து சுற்றும் இந்த வகைதான் பக்கவாதத்தோடு அதிகம் குழம்பும். வயது 50-ஐத் தாண்டியவர், பிபி, சர்க்கரை, புகைப்பழக்கம், இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர் என்றால் வீட்டில் காத்திருக்க வேண்டாம், பக்கவாதம் இல்லை என்று மருத்துவமனையில் உறுதிசெய்யும்வரை அதுவாகவே வைத்துக்கொள்ளுங்கள். கண் அசைவை மூன்று விதமாகச் சோதிக்கும் முறை ஒன்று 2009-இல் இருந்து பிரபலம். பழகிய கையில் அது ஆரம்பநாள் ஸ்கேனைவிடத் துல்லியமானது. இணையத்தில் பார்த்து வீட்டில் முயலும் சமாச்சாரம் அல்ல.

நரம்பு அழற்சிதான் என்று தெரிந்த பிறகு வரும் சிக்கல், மாத்திரையை நிறுத்தாமல் இருப்பது. வாந்தியும் சுற்றலும் அடங்க புரோகுளோர்பெராசின், சின்னரிசின் மாதிரி மருந்துகளை முதல் இரண்டு மூன்று நாள் கொடுப்பது சரி. அதற்குமேல் நீட்டினால், ஒரு காதில் இருந்து வரும் தவறான செய்தியைச் சரிக்கட்டப் பழகும் மூளையின் வேலை தாமதப்படும். வயதானவர்கள் இவற்றை மாதக்கணக்கில் விழுங்கினால் பார்கின்சன் போலவே கைநடுக்கமும் உடல் இறுக்கமும் வரலாம். பழைய சீட்டைக் காட்டிக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடும் பழக்கத்தை இந்த ஒரு காரணத்துக்காகவாவது விட வேண்டும்.

மூளையைப் பழக்க உதவுவது அசைவுதான். 1940-களில் இங்கிலாந்தில் காயமடைந்த வீரர்களுக்காகக் காதோர்ன், குக்ஸி என்ற இருவர் வகுத்த பயிற்சிகள் இன்றும் பிசியோதெரபிஸ்ட்கள் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளுக்கு அடிப்படை. கட்டைவிரலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, பார்வையை விரலிலேயே வைத்தபடி தலையை மட்டும் இடவலமாக ஆட்டுவது முதல் பாடம். செய்யும்போது கொஞ்சம் சுற்றத்தான் செய்யும். சுற்றுகிறதே என்று நிறுத்தினால் பழக்கம் வராது.

எப்போதும் ஒரு தள்ளாட்டம்

உட்கார்ந்தால், படுத்தால் ஒன்றுமில்லை, நடந்தால் மட்டும் தள்ளாட்டம் என்றால் தலைக்குள் தேடாமல் காலைப் பாருங்கள். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் சாய்கிறீர்களா? இருட்டில் நடை மோசமாகிறதா? பாதத்தில் இருந்து வரும் உணர்வு குறைந்திருக்கலாம், கண் பார்த்துத்தான் நிலைநிற்கிறீர்கள் என்று அர்த்தம். சர்க்கரை நோயும், வைட்டமின் பி12 குறைபாடும் முக்கியக் காரணங்கள். சைவ உணவுக்காரர்கள், அதிலும் வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள், பி12 பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நடக்கும்போது கடைப் பலகை எழுத்தெல்லாம் குதிப்பது போலத் தெரிந்தால், ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி எப்போதாவது போட்டார்களா என்று யோசியுங்கள். இரண்டு காதின் சமநிலை உறுப்பையும் அவை பாதிக்கக்கூடும்.

மூன்று மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் மிதப்பு, கூட்டத்திலும் சூப்பர் மார்க்கெட் அலமாரிகளுக்கு நடுவிலும் அதிகம், எல்லாச் சோதனையும் நார்மல் என்றால் அது கற்பனை அல்ல. பழைய சுற்றல் ஒன்று போன பிறகும் மூளை எச்சரிக்கை நிலையிலேயே இருந்துவிடுவதால் வரும் இதற்கு 2017-இல் தனிப் பெயரும் வரையறையும் கொடுத்தார்கள். விளக்கம், பயிற்சி, தேவைப்பட்டால் பதற்றத்துக்கான மருந்து என்று சிகிச்சை இருக்கிறது.

கழுத்துத் தேய்மானம் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது, ஐம்பதைத் தாண்டிய யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் தெரியும், தலை சுற்றினாலும் சுற்றாவிட்டாலும். அறையே சுழலும் தலைசுற்றலுக்கு அது காரணமாவது அரிது. கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தவர்களில் எத்தனையோ பேருக்குத் தேவைப்பட்டது இரண்டு நிமிட எப்லி முறை என்பது என் அபிப்பிராயம்.

யாரிடம் போவது?

படுக்கையில் புரண்டால் சுற்றுகிறது, அல்லது காதில் அறிகுறி என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர். எழுந்தால் மயக்கம், சோர்வு என்றால் பொது மருத்துவர் போதும். தலைவலியோடு, நடை மாற்றத்தோடு வந்தால் நரம்பியல் மருத்துவர். எவரிடம் போனாலும் நோட்டையும் வீடியோவையும் காட்டுங்கள், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், நாட்டு மருந்து உட்பட. "படுக்கவைத்துச் சோதித்துப் பார்க்கிறீர்களா?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

வகை தெரிந்து அடங்கும்வரை டூவீலர் ஓட்ட வேண்டாம், ஏணி, ஸ்டூல் மேல் ஏற வேண்டாம். கிணற்றடியிலோ மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஓரத்திலோ தனியாக நிற்க வேண்டாம். குளிக்கும்போது பாத்ரூம் கதவை உள்ளே தாழிடாமல் சாத்தி மட்டும் வையுங்கள்.